மைக்ரோக்ளியா பெட் ஸ்கேன் ஆய்வில் சேரும் எம்எஸ் நோயாளிகளுக்கு: பிரிட்டனில் முதல் போன் அழைப்பிலிருந்து வீடு திரும்பும் வரை

மல்டிப்பிள் ஸ்க்ளெரோசிஸ் (எம்எஸ்) என்ற மூளை, தண்டுவட நோய் உள்ள நமக்கு எம்ஆர்ஐ பழகிப்போன ஒன்று. புதிதாகத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது நன்றாகவே காட்டும். ஆனால் மூளைக்குள்ளேயே குடியிருக்கும் எதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியா எங்கே திரண்டு நிற்கின்றன என்பதை வழக்கமான எம்ஆர்ஐ சொல்லாது. புதுத் தாக்குதல் எதுவும் வராமலே நடை மெல்ல மெல்ல மோசமாகும் எம்எஸ் நோயாளிகளிடம் இந்தச் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் வழியாக அவற்றைப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன, அவற்றுக்கு நம்மைப் போன்ற ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

லண்டனில் அப்படி ஓர் ஆய்வில் நான் சேர்ந்தேன். அறிவியலைப் பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் சிறுநீர்ப்பைப் பிரச்சினை உள்ளவர் ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுப்பது எப்படி, எந்த மாத்திரையால் ஸ்கேனே வீணாகும், கடைசி நிமிடத்தில் ரத்தானால் டாக்ஸிக் காசு யார் தருவது என்பதையெல்லாம் நானே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். பார்க்கின்சன், அல்சைமர், மோட்டார் நியூரான் நோய் ஆய்வுகளுக்கும் இதே நடைமுறைதான் பெரும்பாலும் பொருந்தும்.

1. இது என்ன ஸ்கேன் என்று முதலில் தெளிவாகுங்கள்

பெட் ஸ்கேன் என்றதும் புற்றுநோய்க்கு எடுப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதில் கொடுப்பது எஃப்டிஜி என்ற சர்க்கரை மருந்து. மூளை எப்போதுமே சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டிருப்பதால் அதை வைத்து மைக்ரோக்ளியாவைத் தனியாகப் பார்க்க முடியாது. அல்சைமருக்காக எடுக்கும் அமிலாய்டு பெட் வேறு ஒரு புரதத்தைத்தான் காட்டும். மைக்ரோக்ளியாவுக்காக எடுப்பதில் பெரும்பாலும் குறிவைப்பது டிஎஸ்பிஓ என்ற புரதத்தை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் அது இருக்கிறது. அதில் போய் ஒட்டக்கூடிய, லேசான கதிரியக்கம் ஏற்றிய மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். இதை ட்ரேசர் என்பார்கள். தகவல் தாளில் பிகே11195, பிபிஆர்28, டிபிஏ-714 போன்ற பெயர் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் பல கேள்விகளுக்குப் பதில் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

இந்த ட்ரேசர்கள் ஆய்வுக்கு மட்டும்தான். நோயைக் கண்டறியும் சோதனையாக இவற்றில் எதற்கும் உரிமம் கிடையாது. காசு கொடுத்துத் தனியார் மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்வது வேறு ஸ்கேனாகத்தான் இருக்கும். கொடுத்த பணம் வீண்.

இன்னொன்றையும் சேரும் முன்பே மனதில் வையுங்கள். இந்த ஸ்கேனால் உங்கள் சிகிச்சை மாறாது. உங்களுக்கென்று தனி முடிவும் பெரும்பாலும் கிடைக்காது. அது சம்மதம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

2. ஆய்வைத் தேடுவது

உங்கள் எம்எஸ் நர்ஸிடம் கேட்பதுதான் குறுக்கு வழி. எந்த மையம் இப்போது ஆட்களைச் சேர்க்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு ‘பி பார்ட் ஆஃப் ரிசர்ச்’ என்ற சேவையில் (என்ஐஎச்ஆர் என்ற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடத்துவது) பெயரைப் பதிந்து வையுங்கள். எம்எஸ் சொசைட்டியின் பக்கத்திலும் நடக்கும் ஆய்வுகளின் பட்டியல் உண்டு. மறதி நோய்க் குடும்பங்களுக்கு ‘ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச்’ இருக்கிறது.

முதல் அழைப்பில் வயது, எம்எஸ் வகை, எடுக்கும் மருந்து, கடைசித் தாக்குதல் எப்போது என்று கேட்பார்கள். இங்கேயே பலர் கழித்துக்கட்டப்படுவார்கள். மனம் தளர வேண்டாம். ஒரு ஆய்வுக்குப் பொருந்தாதவர் அடுத்ததற்குப் பொருந்துவார். தமிழில் விளக்கம் வேண்டும் என்றால் இந்த அழைப்பிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒப்புதல் வாங்கும் நாளில் போய்க் கேட்டால் ஏற்பாடு செய்ய முடியாது. பிள்ளைகளை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தமனியில் குழாய் வைப்பதையும் கதிரியக்க ஆபத்தையும் பதினாறு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது நியாயமில்லை.

3. தகவல் தாளை இப்படிப் படியுங்கள்

பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு தகவல் தாள் அனுப்புவார்கள். மேலே அல்லது கீழே பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். கையெழுத்திடும் படிவத்திலும் அதே எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் வீட்டில் படித்தது ஒரு பதிப்பு, கையெழுத்துக்கு நீட்டியது அடுத்த பதிப்பு. கேட்ட பிறகுதான் என்ன மாறியது என்று சொன்னார்கள். மாறியிருந்தது ரத்தத்தின் அளவு.

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றாலும் சிலவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

முதலில் கதிரியக்க அளவு. அது மில்லிசீவர்ட்டில் இருக்கும். இத்தகைய ஸ்கேன் ஒன்றுக்குச் சில மில்லிசீவர்ட் ஆகும், 3 முதல் 5 வரை என்பது வழக்கமாகக் காணும் அளவு. பிரிட்டனில் வாழும் ஒருவருக்கு எல்லா வழியிலும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.7. பயப்படும் அளவு இல்லை. ஆனாலும் ஒரு ஸ்கேனா இரண்டா, ஓர் ஆண்டு கழித்து மறுபடி உண்டா, அதோடு எடுக்கும் சிடியும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு மொத்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கதிரியக்க மருந்து தருவதற்கு ஆர்சாக் என்ற அமைப்பின் அனுமதி வேண்டும், மொத்த ஆய்வுக்கும் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்டதைத் தாளிலேயே எழுதியிருப்பார்கள்.

அடுத்தது தமனிக் குழாய். இதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். வழக்கமான ஊசி கையின் சிரையில் போகும். இந்த ஆய்வுகள் பலவற்றில் அதற்கு மேல் மணிக்கட்டின் தமனியில், அதாவது நாடி பார்க்கும் இடத்தில், இன்னொரு குழாய் வைப்பார்கள். காரணம் உண்டு. டிஎஸ்பிஓ மூளை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ‘இங்கே சுத்தமாக இல்லை’ என்று ஒப்பிட ஓர் இடம் கிடைக்காது. அதனால் ரத்தத்தில் ஓடி எவ்வளவு ட்ரேசர் மூளைக்குப் போனது என்பதைத் தமனி ரத்தத்தில் இருந்தே அளக்கிறார்கள். சில ஆய்வுகள், குறிப்பாக பிகே11195 பயன்படுத்துபவை, கணக்கு முறையால் இதைத் தவிர்க்கின்றன. உங்களுடையதில் குழாய் உண்டா, யார் வைப்பார், மரத்துப்போகும் ஊசி முதலில் போடுவார்களா, மொத்தம் எத்தனை மில்லி ரத்தம் எடுப்பார்கள், இவற்றுக்குத் தெளிவான பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்த தானத்தில் எடுப்பது 470 மில்லி. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும் டிக் செய்யும் கட்டங்கள். உங்கள் மரபணுவை வேறு ஆய்வுகளுக்குச் சேமித்து வைக்கலாமா, தகவலை நிறுவனங்களோடு பகிரலாமா என்பன போன்றவை அங்கே இருக்கும். இவற்றுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லியும் ஆய்வில் சேர முடியும் என்றால், படிவத்தில் ‘விருப்பம்’ என்று குறித்திருப்பார்கள்.

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படாது. இது சம்பிரதாயத்துக்கு எழுதிய வரி என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே உங்கள் உரிமை. மறதி நோயால் முடிவெடுக்க முடியாதவர் என்றால் இங்கிலாந்து, வேல்ஸில் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி குடும்பத்தில் ஒருவரிடம் ஆலோசனை கேட்பார்கள். அங்கே உங்கள் விருப்பத்தைச் சொல்லக் கூடாது, அவர் நல்ல நினைவோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டும்.

4. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

- நரம்பியல் மருத்துவரின் கடைசிக் கடிதம். எம்எஸ் வகையும் கண்டறிந்த ஆண்டும் அதில் இருக்க வேண்டும்.
- ஜிபியின் மருந்துப் பட்டியல். என்எச்எஸ் ஆப்பில் இருந்தே எடுக்கலாம். கடையில் வாங்கும் மாத்திரை, ஆயுர்வேதச் சூரணம், ஊரிலிருந்து வந்த கஷாயப் பொடி எல்லாவற்றையும் கையால் கீழே எழுதிச் சேருங்கள்.
- கடந்த ஓராண்டில் எடுத்த சிடி, எக்ஸ்ரே, வேறு கதிரியக்க ஸ்கேன்களின் தேதிகள். இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்ததையும் சேர்க்க வேண்டும். விடுமுறைக்குப் போன இடத்தில் ‘முழு உடல் செக்கப்’ என்று எடுத்த சிடியைப் பலர் மறந்துவிடுவார்கள்.
- உடலில் உலோகம் எதுவும் இருந்தால் அதன் அறுவைச் சிகிச்சைக் கடிதம். பேஸ்மேக்கர், கிளிப், பம்ப் எதுவானாலும். வெளிநாட்டில் வைத்தது என்றால் அந்த மருத்துவமனையிலிருந்து மாடல் விவரம் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் இதை முதல் நாளே தொடங்குங்கள்.

உங்கள் ஜிபிக்கு ஆய்வுக் குழு ஒரு கடிதம் அனுப்பும். அதற்கும் உங்கள் சம்மதம் கேட்பார்கள்.

5. மருந்துகள்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

டிஎஸ்பிஓவுக்கு முன்னொரு பெயர் உண்டு: புற பென்சோடையசெபைன் ஏற்பி. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. பென்சோடையசெபைன் வகையைச் சேர்ந்த டையசெபாம் போன்ற சில மாத்திரைகள் இதே புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ட்ரேசர் உட்கார வேண்டிய இடத்தில் மாத்திரை உட்கார்ந்துவிட்டால் படம் பொய் சொல்லும்.

எம்எஸ் உள்ளவர்களுக்கு இது இரண்டு வழியில் வந்து சேரும். ஒன்று, கால் இறுக்கத்துக்காக டையசெபாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது, ஸ்கேன் குழாய்க்குள் போகப் பயமாக இருக்கிறது என்று ஜிபியிடம் சொன்னால், அவர் வழக்கம்போல ஓரிரண்டு டையசெபாம் எழுதித் தருவார். சாதாரண எம்ஆர்ஐக்கு அது சரி. இந்த ஸ்கேனுக்கு, ஆய்வுக் குழுவைக் கேட்காமல் அதை வாயில் போடவே கூடாது. பயம் இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே ஒருநாள் போய் இயந்திரத்தைப் பார்த்து, அதில் படுத்துப் பழக முடியுமா என்று கேளுங்கள். பெட் இயந்திரத்தின் வாய் எம்ஆர்ஐயைவிட அகலம், சத்தமும் இல்லை. பார்த்த பிறகு பலருக்குப் பயம் பாதி போய்விடும்.

தினமும் எடுக்கும் டையசெபாமை இதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். ஆய்வை விட்டுவிடுவது அதைவிட நல்லது.

ரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் தமனிக் குழாய் ஆபத்து. கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சமீபத்தில் ஸ்டீராய்டு போட்டிருந்தால் குறிப்பிட்ட காலம் காத்திருக்கச் சொல்வார்கள். எம்எஸ் மருந்துகளும் கணக்கில் உண்டு. உதாரணமாக நடாலிசுமாப் எடுப்பவர்களின் மூளையில் இந்த ட்ரேசர் காட்டும் சமிக்ஞை குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் மருந்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த வாரம் சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, தடுப்பூசி எது வந்தாலும் போன் செய்யுங்கள். எம்எஸ்ஸில் சிறுநீர்த் தொற்று சகஜம் என்று நாமே சும்மா விட்டுவிடுவோம். உடலில் எங்கே அழற்சி வந்தாலும் இந்த அளவீட்டைக் குழப்பக்கூடும்.

6. முதல் நேரடிச் சந்திப்பும் மரபணுச் சோதனையும்

ரத்தம், இசிஜி, நரம்புப் பரிசோதனை, நடை வேகம், ஞாபகச் சோதனை என்று அரை நாள் போய்விடும். தமனிக் குழாய் உண்டு என்றால் மணிக்கட்டின் இரண்டு தமனிகளையும் அழுத்தி, கை வெளுத்ததும் ஒன்றை மட்டும் விட்டு நிறம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். ஒரு தமனியில் குழாய் இருக்கும்போது மற்றொன்று கைக்குப் போதுமான ரத்தம் தருமா என்பதற்கான சோதனை அது. வலிக்காது.

இதற்கு மேல் ஒரு மரபணுச் சோதனை. இதை ஏன் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் பலர் கலங்கிப்போகிறார்கள். டிஎஸ்பிஓ மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம் உண்டு, ஆர்எஸ்6971 என்று பெயர். அதைப் பொறுத்து ட்ரேசர் சிலரிடம் இறுக்கமாக ஒட்டும், சிலரிடம் நடுத்தரமாக, சிலரிடம் ஒட்டவே ஒட்டாது என்று சொல்லும் அளவுக்குக் குறைவாக. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்த மூன்றாவது வகை. ஜப்பானியர், சீனர்களிடம் அது மிக அரிது. பிபிஆர்28 போன்ற ட்ரேசர்களில் இவர்களைப் படமெடுத்துப் பயனில்லை, அதனால் சேர்க்க மாட்டார்கள். பழைய பிகே11195இல் இந்தச் சிக்கல் இல்லை.

‘குறைவாக ஒட்டும் வகை’ என்று கடிதம் வந்தால் அது நோய் அல்ல. எம்எஸ் நல்லதோ கெட்டதோ ஆகும் என்பதற்கான அறிகுறியும் அல்ல. பிள்ளைகளுக்குச் சோதிக்க வேண்டியதில்லை. அறிவியல் ஆய்வுக்காக மட்டும் செய்த மரபணுச் சோதனையின் முடிவை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிட்டனில் காப்பீட்டுத் துறையும் அரசும் ஒப்புக்கொண்ட நடத்தை விதி இருக்கிறது.

முடிவு வர ஓரிரு வாரம் முதல் அதற்கு மேலும் ஆகும். பலரின் ரத்தத்தைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் மையங்களில் இன்னும் தாமதம். அது வரும்வரை வேலையில் விடுப்புக் கேட்காதீர்கள், டிக்கெட் எடுக்காதீர்கள்.

7. எம்ஆர்ஐ

பெட் படத்தில் மூளையின் நுணுக்கம் தெரியாது, அதனால் அதன்மேல் பொருத்த எம்ஆர்ஐ வேண்டும். பெட்டுக்கு முன்போ பின்போ வேறொரு நாளில் இருக்கலாம். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் எடுக்கும் மையங்களும் உண்டு.

இங்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: விளிம்பில் இரும்பு படிந்த தழும்புகளைப் பார்க்கும் படம் இதில் சேர்ந்திருக்கிறதா? ஆறாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும் சில தழும்புகளின் ஓரத்தில் இரும்பு நிறைந்த மைக்ரோக்ளியா வரிசையாக நிற்கும். காந்தப் புலத்துக்கு நுட்பமாக ஈடுகொடுக்கும் எம்ஆர்ஐ வகையில் அது கருமையான வளையமாகத் தெரியும். கதிரியக்கமே இல்லாமல் மைக்ரோக்ளியாவின் தடத்தைப் பார்க்கும் வழி இது. எம்எஸ்ஸைக் கண்டறியும் மெக்டொனால்ட் விதிகளின் 2024 திருத்தத்தில் இந்த வளையத் தழும்புகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வழக்கமான என்எச்எஸ் ஸ்கேனில் இந்த வகைப் படம் எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. ஆய்வில் எடுத்திருந்தால் அந்தப் படம் உங்கள் நரம்பியல் மருத்துவர் பார்க்கும்படி கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

8. பெட் நாள்

அன்றைய நாளை நடத்துவது ட்ரேசரின் ஆயுள். கார்பன்-11 ஏற்றியது என்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். அதனால் ஸ்கேன் நடக்கும் வளாகத்திலேயே சைக்ளோட்ரான் என்ற கதிரியக்கப் பொருள் தயாரிக்கும் இயந்திரம் வைத்து, நீங்கள் காத்திருக்கும்போதே தயாரிப்பார்கள். ஃப்ளோரின்-18 என்றால் பாதியாக 110 நிமிடம் ஆகும். வேறு ஊரில் தயாரித்து வண்டியில் கொண்டுவரலாம்.

நமக்கு இதனால் என்ன? தயாரித்த ட்ரேசரைத் தரச் சோதனை செய்து தேறினால்தான் ஊசி. தேறவில்லை என்றால் அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. இது அபூர்வமில்லை. எனக்கு மணிக்கட்டில் குழாயும் வைத்துவிட்டு, படுக்கைக்குப் போகும் நேரத்தில் ‘இன்றைக்கு இல்லை’ என்றார்கள். குழாயை எடுத்துவிட்டு இன்னொரு நாள் திரும்ப முதலிலிருந்து. கேளுங்கள்: ட்ரேசர் தேறியது உறுதியான பிறகு தமனிக் குழாயை வைக்க முடியுமா? கார்பன்-11க்கு நேரம் இடிக்கும் என்பதால் எல்லா மையத்திலும் முடியாது. ஆனாலும் கேட்டால்தான் தெரியும். அன்று சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிடுவது, ஊருக்கு ரயில் பிடிப்பது போன்ற எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது தேதி ஒன்றையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அன்று காலையிலும் கர்ப்பச் சோதனை உண்டு. சாப்பாடு, காபி பற்றிய விதி ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும். உங்களுக்கு வந்த கடிதத்தில் உள்ளதை மட்டும் பின்பற்றுங்கள்.

இரண்டு கைகளும் எளிதாக வெளியே வரும் தளர்வான சட்டை போடுங்கள். வளையல், தாலிச் சங்கிலி, மூக்குத்தி எல்லாம் எம்ஆர்ஐக்குக் கழற்றியே ஆக வேண்டும், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. இறுகிப்போன மூக்குத்தியைக் கழற்ற நகைக்கடைக்குப் போக வேண்டியிருந்தால் அதை முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

தலை அசையாமல் இருக்கப் பட்டையோ, முகத்துக்கு அச்சுப் போட்டதுபோன்ற வலையோ வைப்பார்கள். முதலில் குறைந்த அளவு சிடி ஒன்று, சில நொடி. அப்புறம் ஊசி போட்ட நொடியிலிருந்து படமெடுப்பு தொடங்கும். பெரும்பாலான ஆய்வுகளில் 60 முதல் 90 நிமிடம், சிலவற்றில் அதற்கும் மேல். இதற்கிடையில் எழுந்தால் அளவீடு கெட்டுப்போகும், ட்ரேசரைத் திரும்பத் தயாரிக்கவும் முடியாது.

அதனால் சிறுநீர்ப்பை. எம்எஸ் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பிரச்சினை இருந்தும் யாரும் தாமாக இதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆய்வுக் குழுவும் கேட்பதில்லை. நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும். படுக்கைக்குப் போவதற்குக் கடைசி நிமிடத்தில் கழிப்பறைக்குப் போக நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். சிறு குழாய் வைத்துத் தானே சிறுநீர் எடுப்பவர்கள், தமனிக் குழாய் வைத்த பிறகு அந்தக் கையால் அதைச் செய்ய முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே எந்தக் கையில் வைப்பது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். உறிஞ்சு பேட் கட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்கேன் நடுவே இடைவேளை தரும் முறையும் சில ஆய்வுகளில் உண்டு. உங்களுடையதில் உண்டா என்று கேளுங்கள்.

கால் இறுக்கம், துடிப்பு உள்ளவர்கள் முழங்காலுக்குக் கீழ் ஆப்பு வடிவத் தலையணை கேளுங்கள். கால் துடிக்கும்போது தலையும் சேர்ந்து அசையும் என்று சொன்னால் உடனே ஏற்பாடு செய்வார்கள். கால் இறுக்கத்துக்கான பாக்லோஃபென் மாத்திரையை எடுக்கும் வழக்கமான நேரம் ஸ்கேனுக்கு நடுவில் வந்தால் எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முடிந்ததும் தமனிக் குழாயை எடுத்துவிட்டு நன்றாக அழுத்திப் பிடிப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாக இருங்கள். அன்றும் மறுநாளும் அந்தக் கையால் சோற்றுப் பானையைத் தூக்குவது, குழந்தையைத் தூக்குவது, மாவு பிசைவது எதுவும் வேண்டாம். ஊன்றுகோல் பிடிக்கும் கை எது என்பதையும் யோசியுங்கள். அதே கையில் குழாய் வைத்துவிட்டால் அன்று நடப்பதே சிரமம். விரல் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, மரத்தாலோ, வீக்கம் பெரிதானாலோ தாளில் உள்ள அவசர எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். ரத்தம் நிற்காமல் வந்தால் அழுத்திப் பிடித்தபடி 999.

கதிரியக்கம் பற்றி வீட்டில் எல்லாரும் கேட்பார்கள். கார்பன்-11 இரண்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட போய்விடும். ஃப்ளோரின்-18 மறுநாளைக்குள் போய்விடும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் எத்தனை மணி நேரம் தள்ளி இருப்பது என்று மையத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

9. செலவு

ஸ்கேனுக்கும் சோதனைக்கும் நீங்கள் ஒரு பைசா தர வேண்டியதில்லை. பயணச் செலவைத் திருப்பித் தருவது வழக்கம். ஆனால் எதுவரை என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்:

- டாக்ஸிக்கு முன் அனுமதி வேண்டுமா? கூட வருபவரின் டிக்கெட்டும் சேருமா?
- ஸ்கேன் ரத்தானாலும் அன்றைய செலவு கிடைக்குமா?
- வாகன நிறுத்தக் கட்டணம்? லண்டனில் பழைய கார் என்றால் யூலெஸ் என்ற புகை மாசுக் கட்டணம் நாளுக்கு 12.50 பவுண்ட், அது யார் கணக்கில்?

ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை) இருப்பதால் யூலெஸ் தானாக விலக்கு ஆகிவிடாது. நெரிசல் கட்டணத்துக்குச் சலுகை உண்டு, அதுவும் முன்பே பதிந்திருந்தால்தான்.

சிரமத்துக்கு ஈடாகத் தனித் தொகை தரும் ஆய்வுகளும் இருக்கின்றன. யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகை வாங்குபவர்கள் அந்தத் தொகையை ஒப்புக்கொள்வதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். வருமானமாகக் கணக்கில் எடுக்க வாய்ப்புண்டு. பயணச் செலவைத் திருப்பித் தருவது வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே காசோலையில் சேர்த்துத் தந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

விடுப்புக்குச் சம்பளம் கிடைப்பது உங்கள் முதலாளியைப் பொறுத்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டிப் பேசிப் பாருங்கள். ஸ்கேன் நாளோடு மறுநாளையும் சேர்த்து எடுங்கள். எம்எஸ் களைப்பு மறுநாள்தான் வந்து உட்காரும்.

முதல் அழைப்பிலிருந்து பெட் முடியும்வரை இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரபணு முடிவு, உலோகக் கடிதம், ட்ரேசர் தயாரிப்பு மூன்றில் எது இழுத்தாலும் அதற்கு மேல் போகும்.

10. பிறகு என்ன கிடைக்கும்

எம்ஆர்ஐயைக் கதிரியல் மருத்துவர் ஒருவர் பார்ப்பாரா என்பது தாளில் இருக்கும். எதிர்பாராத கட்டியோ ரத்தக்குழாய் வீக்கமோ தெரிந்தால் உங்களுக்கும் ஜிபிக்கும் சொல்வார்கள். மைக்ரோக்ளியா படத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே ஆளின் படத்தை வைத்து ‘உங்களுக்கு இவ்வளவு அழற்சி’ என்று சொல்ல இன்னும் யாராலும் முடியாது. டிஎஸ்பிஓ மைக்ரோக்ளியாவில் மட்டும் இல்லை, ஆஸ்ட்ரோசைட் என்ற வேறு மூளைச் செல்களிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, எலிகளில் மைக்ரோக்ளியா தூண்டப்படும்போது டிஎஸ்பிஓ கூடினாலும் மனிதர்களில் அப்படிக் கூடுவதில்லை என்று காட்டியது. மனித மூளையில் சமிக்ஞை கூடுவது பெரும்பாலும் செல்களின் எண்ணிக்கை கூடியதைத்தான் காட்டுகிறது என்பது அதன் முடிவு. அந்தச் செல்கள் சண்டை போடுகின்றனவா, சுத்தம் செய்கின்றனவா என்பதை இந்தப் படத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் அறையில் திரையைத் தற்செயலாகப் பார்த்து, சிவப்பாக இருந்ததே என்று ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது கணினி.

மொத்த ஆய்வின் முடிவு வெளியாக ஓரிரு ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். எளிய மொழியில் சுருக்கம் அனுப்பச் சொல்லிப் படிவத்தில் டிக் செய்யுங்கள், வீடு மாறினால் முகவரியைப் புதுப்பியுங்கள். ஓராண்டு கழித்து இரண்டாவது ஸ்கேன் உள்ள ஆய்வு என்றால், இடையில் மாற்றிய ஒவ்வொரு மருந்தின் தேதியையும், வந்த ஒவ்வொரு தொற்றின் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அன்றைக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள். ரசீதுகளின் படத்தை எடுத்துக்கொண்டு, அசலை அந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.